சோளிங்கர் மலை ஏறினவன் விற்ற கார்

1

ஆயுத பூஜையன்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் மாலை விழுந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டார்கள். வண்டியைத் துடைத்தவன் வாட்ச்மேன். மந்திரம் சொன்னவர் கூலிக்கு வந்த பூசாரி. வண்டிக்காரர்கள் செய்த வேலை படத்துக்கு நின்றது மட்டும்தான். எங்கள் இடம் காலியாகக் கிடந்தது. மிஞ்சின பூசணிக்காயை அங்கே கொண்டுபோய் உடைத்தார்கள்.

போன வருஷம் அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. திருட்டுக் கார். தெரியாமல் வாங்கினோம்.

நம்மூர் ரயில்வே குடும்பங்கள் போடுகிற ஆண்டு மலருக்கு ஹைதராபாத் வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் தங்கள் பிள்ளை எந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறான், எந்தத் தேசத்துக்குப் போய்வந்தான் என்று எழுதுவார்கள். எழுதட்டும். நான் காரைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி எழுதப் பல மத்தியானங்கள் பிடிக்கும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

2

என் வீட்டுக்காரர் அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி செகந்திராபாத் பக்கம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர். சக்கரப் பிரிவில் ஃபிட்டர். சக்கரம் கோத்த அச்சின் முனையில் எண் அடிக்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி நிறைய எஃகுத் துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எண். வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. இரண்டாவது முறை போட்டால் எண் இரட்டையாக விழும், மேஸ்திரி திட்டுவார்.

காலனியில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் எல்லார் வீட்டுப் பாத்திரமும் போகும், பாதிதான் திரும்பும். அதனால் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாத்திரம் அத்தனையிலும் குவார்ட்டர்ஸ் எண்ணை அடித்தார். அறுபத்து மூன்று. குண்டான், கரண்டி, எண்ணெய்த் தூக்கு, ஒன்றையும் விடவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், குவார்ட்டர்ஸும் போய்விட்டது. அந்த அறுபத்து மூன்றை நான் இன்னும் தினம் தேய்க்கிறேன். கையால் அடித்த எண் ஒழுங்காக நிற்காது. ஒன்று குனியும், ஒன்று நிமிரும். ஒன்று ஆழமாக இறங்கும், ஒன்று மேலாகப் பதியும். எழுத்தில் நான் தடுமாறுவேன். எண் என்னை ஏமாற்றாது.

இப்போது ஏ.எஸ்.ராவ் நகரில் மகன் செல்வத்தோடு இருக்கிறேன். காலனிப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. நான் தமிழில் கேட்பேன், அவன் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வான். அமீர்பேட்டில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போனான். மருமகள் மாதவி தெலுங்குப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் சொல்கிற தமிழைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள், திருப்பிப் பேசும்போது உடைத்து உடைத்துப் பேசுவாள். எனக்குத் தெலுங்கு வராது என்பது இந்த வீட்டில் முடிந்துபோன விஷயம். யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்ததில்லை.

மாதவி தினம் சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வேன்.

3

செல்வத்தின் ஆபீஸ் ஊரின் அந்த முனையில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவனுக்குக் கார் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பழைய கார் போதும் என்றான். கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே? போகவில்லை. பழைய சாமான் விற்கிற இணையதளம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தான். பத்துக் காரைக் கட்டம் போட்டு எழுதி, நிறம், வயது, ஓடின தூரம் என்று மார்க் போட்டான். பெண் பார்க்கக்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. காரைத் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும் அந்தக் கட்டத்தில் இடம் இல்லை.

கடைசியில் இரண்டு கார் நின்றது. ஒன்றின் சொந்தக்காரன் ரவி என்று பேர் போட்டிருந்தான். செல்வம் போன் செய்து, பேரைச் சொல்லி இங்கிலீஷில் ஆரம்பித்தான். அந்தப் பக்கமிருந்து, "சார் தமிழா? நானும் தமிழ்தான் சார்" என்று கேட்டது. செல்வம் திகைத்துப்போய்ப் போனை என்னிடம் கொடுத்தான்.

"எந்த ஊருப்பா?"

"அரக்கோணம் பக்கம்மா."

"அரக்கோணம்னா எந்தப் பக்கம்?"

"சோளிங்கர் போற ரோட்டுலம்மா."

"மல ஏறிக்கிறியா?"

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட. வருசா வருசம் கார்த்திகைக்கு ஏறிடுவேன். போன தபா கொரங்கு ஒண்ணு கைல இருந்த பழத்தப் புடுங்கிகினு போயிடுச்சி."

குரங்கைச் சொன்னதும் நான் விழுந்துவிட்டேன். வெளியூர்க்காரன் கோபுரத்தைச் சொல்வான். ஊர்க்காரன்தான் குரங்கைச் சொல்வான்.

மறுநாள் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். முப்பது வயதிருக்கும், திருநீறு வைத்திருந்தான். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினான். மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனான். காரின் பதிவுப் புத்தகம் என்று ஒரு நகலைக் கொடுத்தான். அசல் வங்கியில் இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது, பதினைந்து நாளில் கைக்கு வந்துவிடும் என்றான்.

மாதவி கதவுப் பக்கமிருந்து, "அத்தை, ஒரிஜினல் வந்த பின்ன வாங்கலாம் கதா, இல்லையா?" என்றாள்.

"நம்மூரு ஆளும்மா. ஒனுக்குத் தெரியாது" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலப் போனில் அரை மணி நேரம் இதுதான். கிழவி ஊரைக் கேட்டாள், மலையைக் கேட்டாள், காகிதத்தை மட்டும் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

பணத்தைக் கொடுத்துக் காரை வாங்கிக்கொண்டோம். பதினைந்து நாள் மூன்று மாதமானது. ரவி போனை எடுத்தால், "வந்துட்டே இருக்கும்மா" என்பான். அப்புறம் போன் எடுப்பது நின்றது.

4

போன வருஷத்து ஆயுத பூஜை வந்தது. வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றிக் கழுவினதை நான் சுத்தம் என்று ஒப்புக்கொள்வதில்லை. செல்வத்தை முன்மூடியைத் தூக்கச் சொல்லி, எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைத் துடைத்தேன். அங்கே எண் அடித்திருந்தது. காரின் உடம்புக்குக் கம்பெனியே அடிக்கிற எண், சேஸிஸ் நம்பர் என்கிறார்கள். அந்த இடத்தில் பெயிண்ட் திட்டாக இருந்தது. சந்தனம் வைக்கிற இடம் அழுக்காக இருக்கக்கூடாது என்று தேங்காய் நாரில் புளியை வைத்துத் தேய்த்தேன். பெயிண்ட் நாரோடு உரிந்து வந்தது.

இரண்டு ஓரத்திலும் எண்கள் ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் நின்றன. நடுவில் மூன்று எண் மட்டும் குனிந்தும் நிமிர்ந்தும் இருந்தன. அதில் ஓர் எட்டு. அதன் வலது பக்கம் மெல்லிசாக, வரிசையோடு ஒட்டி இருந்தது. இடது பக்கம் ஆழமாக இறங்கியிருந்தது. அது எட்டு இல்லை. மூன்றாகப் பிறந்ததை எவனோ எட்டாக்கியிருக்கிறான். அதுவும் இரண்டு போடு போட்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் திருட்டை விட்டுவிட்டு வேலைக்காகத் திட்டியிருப்பார்.

"டேய், இது கையால அடிச்ச நம்பரு" என்றேன்.

"அம்மா, லைட்டா எடுத்துக்கோ. எல்லா கார்லயும் அப்டித்தான் இருக்கும்."

"அப்ப பக்கத்துக் கார தொற. பாப்போம்."

திறந்தான், பார்த்தான், மூடினான். முகம் மாறிப்போனது.

தெருமுனை மெக்கானிக் அன்வர் பாயைக் கூப்பிட்டு வந்தான். அவர் குனிந்து ஒரே பார்வை பார்த்தார். "ஹவ் பாய், சோரி கா மால்" என்றார். ஆமாம், திருட்டுச் சரக்கு என்று அர்த்தம். "நம்மளுக்கு நக்கோ, வேணாம். நான் இங்க வரவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினார். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

செல்வம் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு லோத்குண்டாவுக்குப் போனான். ரவி கொடுத்த விலாசம் அங்கேதான். அந்தக் கதவு எண்ணுக்குரிய இடத்தில் ராணுவ நிலத்தின் நீளமான மதில் சுவர் நின்றது, உள்ளே வராதே என்று எழுதி. கட்டம் போட்டு மார்க் போட்டவன் அந்தச் சுவரை மூன்று மாதம் முன்னால் போய்ப் பார்த்திருக்கலாம். நானும் சொல்லவில்லைதான்.

5

அப்போது செல்வத்துக்கு அமெரிக்கா போக ஆபீஸில் பேர் கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு, போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டியது பாக்கி. ஆள் நல்லவன், வழக்கு இல்லை என்று அவர்கள் எழுதினால்தான் பாஸ்போர்ட். இந்த நேரத்தில் திருட்டுக் காரோடு பேர் அடிபட்டால் எல்லாம் போச்சு என்று அவன் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நானும் அதே சைட்ல ஆட் போட்டுடறேன்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

"யாருகிட்ட போவும்?"

"எவனோ ஒருத்தன். நமக்கு எதுக்கு?"

"அவன் ஊட்லயும் என்னாட்டம் ஒருத்தி புளி போட்டுத் தேய்ப்பா."

"எல்லார் வீட்லயும் கார் எஞ்சினுக்குப் புளி போட்டுத் தேய்க்க மாட்டாங்கம்மா."

"அப்ப தேய்க்காதவ ஊட்டுத் தலையில கட்டிடலாம்னு சொல்ற."

 இவ்வளவு படித்தவன் கண்டுபிடித்த வழி இதுதான். திருடன் எண்ணை மாற்றினான், இவன் ஆளை மாற்றப் பார்த்தான். தெரியாமல் வாங்கினவரை நாம் ஏமாந்தவர்கள். தெரிந்து விற்றால் நமக்கும் ரவிக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது மலை ஏறினான்.

மாதவிதான் அவனோடு தெலுங்கில் சண்டை போட்டாள். வண்டியை நகர்த்தாதே, கழுவாதே, ரவிக்குப் போன் செய்து உஷார்ப்படுத்தாதே, விளம்பரத்தை இப்போதே அச்செடுத்து வை, நாளைக்கு அழித்துவிடுவான் என்றாள். நான் தேய்த்ததே போதும், இனிமேல் யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னாள். நியாயமான பேச்சு. அவளை நான் அதுவரை அப்படி ஒரு பெண்ணாக நினைத்ததில்லை. நினைக்க வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு செருப்பைப் போட்டேன்.

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு. நீ வராட்டி போ. கார பேசி முடிச்சவ நான்தான்."

ஆட்டோவில் மூன்று பேரும் போனோம்.

6

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்தக் கதி வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன். ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அது அந்த ஸ்டேஷன் வேலை இல்லை என்பார்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். விலாசம் லோத்குண்டா, அங்கே போங்கள் என்றார் கான்ஸ்டபிள். காகிதத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கார் எங்க ஊட்டு வாசல்ல நிக்குது. அந்த வாசல் எந்த ஸ்டேஷன்னு கேளு" என்று மாதவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள். அவர் தலையைத் தூக்கினார்.

அதற்கப்புறம் எழுதத் தொடங்கினார், தெலுங்கில். ஒரு பக்கம் எழுதிவிட்டு என் பக்கம் நகர்த்தி, கட்டைவிரலைக் காட்டினார். மை டப்பாவையும் திறந்தார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த மலர் போதாது. "எனக்குப் படிக்கத் தெரியாததுல கை வைக்க மாட்டேன். பேப்பர் குடு. நானே எழுதறேன்" என்றேன்.

எழுதினேன். தமிழில். பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி. கான்ஸ்டபிள் இரண்டு டீ குடித்தார். என்ன எழுத்து இது, கட்டம் கட்டமாக என்று பக்கத்து ஆளிடம் சிரித்தார். உங்கள் எழுத்து மட்டும் என்னவாம், ஜிலேபி. எப்போது வாங்கினோம், எண் எப்படி இருந்தது, எட்டு ஏன் எட்டு இல்லை என்று எல்லாம் எழுதினேன். கடைசியில், வாங்கச் சொன்னது நான், அசல் காகிதம் கேட்ட மருமகள் வாயை அடைத்ததும் நான், என் மகன் பேரில் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் படித்துக் காட்ட, மாதவி அதைத் தெலுங்கில் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் சரியாகச் சொன்னாள். கடைசி வரியில் மட்டும், வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம் என்று மாற்றிவிட்டாள். நான் கவனித்தேன். 

புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் எழுந்திருக்கமாட்டேன் என்றேன். கொடுத்தார்கள். சாயங்காலம் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் லிஃப்டில் வந்த பக்கத்து வீட்டுக்காரர், "ரிப்பேரா?" என்று கேட்டார். "திருட்டுக் காரு" என்றேன். இரண்டாவது மாடியிலேயே இறங்கிவிட்டார். அவர் வீடு நான்காவது மாடி.

7

எண்ணின் மேல் ஏதோ மருந்து தடவிப் பார்த்ததில் எட்டுக்கு அடியிலிருந்து பழைய மூன்று வெளியே வந்ததாம். கார் வாரங்கல்காரர் ஒருவருடையது. கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து எடுத்துப் போனார். நன்றி சொல்வார் என்று செல்வம் எதிர்பார்த்து நின்றான். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, டயர் தேய்ந்திருக்கிறதே என்றார்.

ரவி அமீர்பேட்டில் ஒரு ஹாஸ்டல் அறையில் பிடிபட்டான். அதே இணையதளத்தில் இன்னொரு காரைப் போட்டிருந்தான். மாதவி எடுத்து வைத்த விளம்பரத்தோடு ஒத்துப் பார்த்து, அதே ஆள் என்று கண்டுதான் போலீஸ் வாங்குகிறவன் மாதிரிப் போன் செய்தது. அடையாளம் காட்ட எங்களைக் கூப்பிட்டார்கள். செல்வத்தின் பாஸ்போர்ட் விசாரணை அப்போதும் வரவில்லை. போகாமல் இருந்தால் என்ன என்று ஆட்டோவில் ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். இதுவரை நான்கு கார் விற்றிருக்கிறான், நான்கும் உங்கள் தமிழ் ஆட்களுக்குத்தான் என்று சொல்லிச் சிரித்தார். பேரைப் பார்த்துத் தமிழர்களாகப் பொறுக்கியிருக்கிறான். தெலுங்குக்காரர்கள் அசல் காகிதம் கேட்டார்களாம். நாம் ஊர் எது என்று கேட்டோம்.

அவன் உண்மையிலேயே சோளிங்கர்க்காரன்தான் என்றும் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊரிலாவது பொய் சொல்லியிருந்தால் என் கேள்வியில் தப்பில்லை என்று இருந்திருப்பேன். அவன் சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. அதை மட்டும்தான் நான் சோதித்துப் பார்த்தேன்.

அவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திருநீறு வைத்திருந்தான். ஸ்டேஷனில் இவனுக்குத் திருநீறு எங்கே கிடைத்ததோ. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தித் தமிழில் ஆரம்பித்தான்.

"அம்மா, நல்லா கீறியா? நான் இல்லன்னு சொல்லிடும்மா. நம்மூருப் புள்ள நான்."

நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.

"ஆமான்னு சொன்னா ஒம் பையன் பேரும் கோர்ட்டுக்கு வரும். அவனும் எனக்குக் கூட்டுன்னு சொல்லுவேன். அமெரிக்கா போறதா சொன்னான் இல்ல? போவ முடியாது, பாத்துக்க."

செல்வம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.  எஸ்.ஐ.க்கு ஒன்றும் புரியவில்லை. இவன் என்ன சொல்கிறான் என்று மாதவியைக் கேட்டார். அவள் செல்வத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.  இந்தத் தடவை எதை மாற்றிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் எழுந்து நின்றேன். காரை விற்றவன் இவன்தான் என்று எஸ்.ஐ.யிடம் தெலுங்கில் சொன்னேன். இல்லை என்று சொல்லச் சொல்கிறான், சொல்லாவிட்டால் என் மகனையும் கூட்டுச் சேர்ப்பேன் என்று மிரட்டுகிறான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நிறுத்தி, நிதானமாக. ஒரு சொல்லுக்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

ரவிக்கு வாய் திறந்தபடி நின்றது. எஸ்.ஐ. அவனை உள்ளே அனுப்பிவிட்டுச் செல்வத்திடம் திரும்பினார். நீங்களாக வந்து புகார் கொடுத்திருக்கிறீர்கள், நீங்கள் சாட்சி, பயப்படாதீர்கள் என்றார். பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வரப்போகிறவனும் இந்த ஸ்டேஷன் ஆள்தான் என்றார். அப்படியே நடந்தது. மூன்றாம் வாரம் வந்தது அந்த ஜிலேபி எழுத்துக் கான்ஸ்டபிள். டீ குடித்துவிட்டு நல்லபடியாக எழுதிக்கொண்டு போனார். அதற்குள் ஆபீஸில் செல்வத்துக்குப் பதிலாக வேறு ஒருவனை அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்களாம். இரண்டு பஸ் மாறித்தான் இப்போதும் ஆபீஸ் போகிறான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறான். போகட்டும். யாரிடமும் திருட்டுக் காரை விற்கவில்லை.

அன்று ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். மாதவி என் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, உங்களுக்குத் தெலுங்கு தெரியும்?" என்று கேட்டாள்.

"நாப்பது வருசமா இங்கதான் கீறேன்" என்றேன்.

ஆட்டோவில் அவள் மடியில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷத்துச் சாயங்காலப் போன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று தெரிந்தது. நிறைய இருக்கும். பார்க்கட்டும் என்று நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.